காத்திருத்தலும் கைங்கரியமே

துன்பம் வந்துற்றபோது தெய்வத்தை நினையாதார் மிகச் சிலரே. வேண்டிய சில நாட்களில் துன்பம் நீங்கப்பெற்றவர், நேர்ந்துகொண்டபடி மலையேறி முடி காணிக்கை செலுத்தி, தீர்த்தமும் திருத்துழாயும் பெற்று, மனநிறைவுடன் இல்லம் திரும்புகின்றனர். அவருடைய பக்தி போற்றத்தக்கதே. ஆயினும், பல்லாண்டுகள் வேண்டியும் துன்பம் நீங்கப்பெறாதவர் நிலை யாது? நோயாளி நோயுடனேயே இருக்கிறார், பிரிந்து சென்ற மகன் திரும்பவில்லை, கடன் தீரவில்லை. எனினும் அவர் சனிக்கிழமைதோறும் துளசி மாலையுடன் வந்து, அதே தூணின் அருகே நின்று, அதே வேண்டுதலைச் சொல்கிறார். அவரைக் காணும்போது, "இவ்வளவு காலம் கேட்டும் கிடைக்கவில்லையே, இன்னும் ஏன் கேட்கிறார்?" என்ற வினா பிறர் உள்ளத்தில் எழுகிறது. உறக்கம் வாராத சில இரவுகளில் அவருடைய உள்ளத்திலும் அது எழாமல் இருப்பதில்லை.

இவ்வினாவிற்கு இரண்டு முகங்கள் உண்டு. எம்பெருமான் அனைத்தும் அறிந்தவன் எனில், ஒருமுறை விண்ணப்பித்ததே போதாதா? மீண்டும் மீண்டும் கேட்பது, முன்பு கேட்டது அவன் திருச்செவியில் விழவில்லை என்று ஐயுறுவது ஆகாதா? இது ஒரு முகம். கேட்டும் அவன் தரவில்லை எனில், அவனை நம்புவதற்கு ஆதாரம் எது? இது மற்றொரு முகம். முன்னது நம்பிக்கையின் பெயரால் பிரார்த்தனையை நிறுத்தச் சொல்கிறது. பின்னது பிரார்த்தனையின் பலனைக் கணக்கிட்டு நம்பிக்கையை நிறுத்தச் சொல்கிறது. இவ்விரண்டிற்கும் நடுவே, நம்பிக்கையையும் விடாது, பிரார்த்தனையையும் விடாது நிற்பது எங்ஙனம் பொருந்தும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

எல்லைப்புறத்து மலைகள்

ஓசூரில் சந்திரசூடேசுவரர் மலையும், அதனையடுத்துப் பெருமாள் மலையும் நகரைக் காத்து நிற்பன போல நிற்கின்றன. அவற்றின் அடியில் வாழும் மக்களின் வாழ்க்கை ஒரு தலைமுறைக்குள் பெரிதும் மாறிவிட்டது. 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது. ராகியும் ரோஜாவும் விளைந்த பூமியில் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் உருவாகத் தொடங்கின. 2004ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தென் மாவட்டங்களிலிருந்தும், வடமாநிலங்களிலிருந்தும் வேலை தேடி வந்தோர் இங்கே குடியமர்ந்தனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்நிதியில் ஒலிக்கும் நிலம் இது. எம்மொழியில் சொன்னாலும் துன்பத்தின் பொருள் ஒன்றே.

அத்துன்பங்களும் பலவகைப்பட்டவை. இரவு வேலை முடித்துக் காலையில் மலையேறும் இளைஞனுக்கு, ஊரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தந்தையைப் பற்றிய கவலை. இயந்திரத்தில் விரல்களை இழந்தவருக்கு, இனி யார் வேலை தருவார் என்ற ஏக்கம். தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் காட்டோரத்தில் உழுபவருக்கு, விளைந்த பயிரை இரவில் யானைக் கூட்டம் மிதித்துவிடுமோ என்ற அச்சம். கிருஷ்ணகிரியின் மாந்தோப்புக்காரருக்கு, பூத்த பூ பிஞ்சாகுமோ என்ற தவிப்பு. தேன்கனிக்கோட்டையில் பேட்டராயசுவாமியின் திருத்தேர் வடத்தைப் பற்றி இழுக்கும் கைகள் ஒவ்வொன்றும் இவ்வாறான ஒரு பாரத்தையும் சேர்த்தே இழுக்கின்றன.

ஆலையில் உழைப்பவருக்கு ஒரு கணக்கு பழகிப்போயிருக்கும். எட்டு மணி நேர வேலைக்கு இவ்வளவு ஊதியம். மிகை நேரத்திற்கு இவ்வளவு கூடுதல். குறைந்தால் கேட்க உரிமை உண்டு. அக்கணக்கு ஆலைக்கு மிகவும் நியாயமானது. அது தவறினால்தான் அநீதி. ஆனால் மனம் தன்னையறியாமலே அதே கணக்கைச் சந்நிதிக்கும் எடுத்து வந்துவிடுகிறது. இத்தனை சனிக்கிழமை விரதம், இத்தனை பிரதட்சிணம், இத்தனை அர்ச்சனை, கூலி எங்கே? இக்கணக்கில் எம்பெருமான் முதலாளியாகிவிடுகிறான், அடியவர் கூலியாளாகிவிடுகிறார். கூலி தாமதித்தால் வேலையை விட்டுச் செல்வது போல, பலன் தாமதித்தால் பிரார்த்தனையை விட்டுச் செல்வதும் அக்கணக்கின்படி முறையாகவே தோன்றும். ஆகவே, பிழை காத்திருப்பதில் இல்லை, கணக்கில் உள்ளது.

ஒருமுறை சரணம், உள்ளளவும் ஸ்மரணம்

ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் இவ்வினாவை நெடுங்காலத்திற்கு முன்னரே எதிர்கொண்டனர். சரணாகதி என்பது ஒரே முறை செய்யப்படுவது என்பது அவர்கள் கொள்கை. ஒருவன் தன்னை எம்பெருமான் திருவடிகளில் ஒப்படைத்துவிட்டால், அந்த ஒப்படைப்பை நாள்தோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை. புதுப்பிப்பது முன்னதை ஐயுறுவதாகவே முடியும். அப்படியாயின் சரணம் புகுந்தபின் வாய்மூடி இருப்பதன்றோ முறை என்று தோன்றலாம்.

ஆனால் ஆசாரியர்கள் வாழ்ந்து காட்டியது வேறு. எம்பெருமானார் ஸ்ரீராமானுஜர், பங்குனி உத்திரத் திருநாளில் திருவரங்கத்துத் திவ்ய தம்பதியரின் முன்னிலையில் சரணம் புகுந்தார் என்பது சம்பிரதாயம். அந்நிகழ்ச்சியைக் கூறும் சரணாகதி கத்யத்தில், எம்பெருமான் அவருடைய வேண்டுகோளை ஏற்று, பேறு உறுதியென்று வாக்களிக்கிறான். அத்துடன், உடல் விழும் வரையில் த்வய மந்திரத்தைப் பொருளுணர்வுடன் அநுசந்தித்துக்கொண்டு திருவரங்கத்திலேயே இனிது வாழுமாறும் பணிக்கிறான். கேட்டது கிடைத்துவிட்டது, கிடைத்தபின்னும் அதே சரணச் சொல் வாழ்நாள் முழுதும் நாவில் நிலவ வேண்டும் என்பது கட்டளை. பெறுவதற்காக மட்டும் சொல்லப்படும் சொல்லாயின் பெற்றவுடன் அது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்பதிலிருந்தே அதன் இயல்பு விளங்கும். அது உறவின் சொல். பெற்றபோதும் அது தொடரும், பெறாதபோதும் தொடரும்.

காய்ச்சலில் கிடக்கும் குழந்தை, "அம்மா, அம்மா" என்று இரவெல்லாம் அரற்றுகிறது. தாய் எங்கோ சென்றுவிடவில்லை; அருகிலேயே அமர்ந்து நெற்றியில் ஈரத்துணியிட்டுக்கொண்டிருக்கிறாள். குழந்தையின் துன்பத்தை அது சொல்லித்தான் அவள் அறிய வேண்டும் என்பதும் இல்லை. காய்ச்சல் உடனே இறங்கவில்லை என்பதற்காகக் குழந்தை அழைப்பதை நிறுத்துவதுமில்லை; தாய், "ஒருமுறை அழைத்தாயே, போதாதா?" என்று வெறுப்பதுமில்லை. அந்த அழைப்பிலே குழந்தைக்குத் தன் துன்பம் தனித்த துன்பமாக இல்லாமல் போகிறது. நெடுநாள் துன்புறும் அடியவரின் பிரார்த்தனை இத்தகையது.

சரணாகதியின் அங்கங்களுள் மஹாவிச்வாஸம் ஒன்று. 'என்னைக் காப்பான்' என்ற பேருறுதி அது. இன்ன பொருளை இன்ன நாளில் தருவான் என்னும் முன்கணிப்பு மஹாவிச்வாஸம் ஆகாது, அது பஞ்சாங்கம் பார்ப்பது போன்றது, பொய்த்தால் பொய்த்ததுதான். காப்பவன் கைவிடான் என்னும் உறுதி, இன்னமுறையில்தான் காக்க வேண்டுமென்று அவனைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவேதான் அது நாட்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தேய்ந்து போகாமல் நிலைக்கிறது.

கண்ணிழந்தவர் கண்டது

தத்துவமாகச் சொல்லும்போது இது எளிதாகத் தோன்றும். உடலில் வலியுடன் நிற்பவருக்கு இது எவ்வளவு கடினம் என்பதைக் கூரத்தாழ்வான் வாழ்க்கையில் காணலாம். அவ்வரலாறு இந்த எல்லைப்புறத்துக்கு அயலானதும் அன்று. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி வழியே பெங்களூரைக் கடந்து மேற்கே சென்றால் மாண்டியா மாவட்டத்தில் மேல்கோட்டை என்னும் திருநாராயணபுரம் உள்ளது. சோழ மன்னன் ஒருவனின் சமயப் பகையினால் திருவரங்கத்தை நீங்கிய எம்பெருமானார், ஹொய்சளர் நாட்டிற்குச் சென்று தங்கியிருந்த திருத்தலம் அது. பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அந்நாட்டில் இருந்தார் என்று குருபரம்பரை கூறும். பின்னாளில் அந்த ஹொய்சளர் மரபினனான இராமநாதன், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் குந்தாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டான். இன்று மாநில எல்லையாக இருக்கும் கோட்டை அந்நாளில் அடியார்கள் அகதிகளாகக் கடந்து சென்றனர்.

எம்பெருமானார் தப்பிச் செல்வதற்காக, அவருடைய காஷாயத்தைத் தாம் உடுத்து, அவர் பெயரில் அரசவைக்குச் சென்றவர் கூரத்தாழ்வான். உடன் சென்றவர் முதியவரான பெரிய நம்பி. அரசன் கேட்டவாறு கையெழுத்திட மறுத்ததன் விளைவாக இருவரும் கண்களை இழந்தனர். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே பரமபதித்தார். ஆழ்வான் பார்வையற்றவராய்த் திருவரங்கம் மீண்டார்.

அங்கே அவருக்கு மற்றொரு துன்பம் காத்திருந்தது. எம்பெருமானாரோடு தொடர்புடைய எவரும் கோயிலுக்குள் புகலாகாது என்பது அரசாணை. வாயில் காப்போரில் ஒருவன் தடுத்தான். மற்றவன், ஆழ்வான் எல்லோரிடத்தும் நல்லவர், அவரை விடலாம் என்றான். அவ்வாயிலில் நுழைந்திருந்தால் அரங்கனின் சந்நிதி கிடைத்திருக்கும். ஆனால் தம் ஆசாரியருடைய தொடர்பு அற்றவர் என்ற பெயரில் உள்ளே செல்ல அவர் ஒப்பவில்லை. பிறருக்கு நற்குணங்கள் பேற்றுக்கு உதவும். தமக்கோ அவை எம்பெருமானார் தொடர்பை அறுக்கும் கருவியாகின்றனவே என்று வருந்தித் திரும்பினார். பிறகு திருமாலிருஞ்சோலை சென்று தங்கினார். கண்ணில்லாத அந்நாட்களில் அவர் அழகருடைய திருமேனியழகைப் பாடினார். அதுவே ஸுந்தரபாஹு ஸ்தவம்.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். ஆழ்வான் எவ்வகையில் குறை செய்தார்? ஆசாரியரைக் காப்பாற்றியதன்றி அவர் செய்த பிழை ஏதுமில்லை. துன்பம் தகுதியின்மைக்குக் கிடைத்த தண்டனை என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் ஆழ்வானின் முன் வாயடைத்து நிற்க வேண்டும். அவருடைய பக்தியில் குறை இருந்ததால்தான் கண் திரும்பவில்லை என்று எவரும் சொல்லத் துணியார். அப்படியிருக்க, இன்று நெடுநாள் நோயுற்ற ஒருவரிடம், "உமக்கு நம்பிக்கை போதாது" என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு?

பகைவன் கொடுமை ஓய்ந்து எம்பெருமானார் திருவரங்கம் திரும்பினார். ஆழ்வானைக் கண்டு அவர் பெரிதும் வருந்தினார். கச்சிக்குச் சென்று வரதனைப் பாடி, கண்களைத் தருமாறு வேண்டும்படி ஆழ்வானைப் பணித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை அருளிச்செய்தார். வேண்டுவது யாது எனப் பேரருளாளன் வினவியபோது, ஆழ்வான் தம் கண்களைக் கேட்கவில்லை. இத்துன்பம் அனைத்திற்கும் மூலமாயிருந்து அரசனைத் தூண்டிய நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்க வேண்டும் என்றார்.

கேட்பது குற்றமா?

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் ஆழ்வானின் துறவையே போற்றிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். அதனால், தமக்காக ஒன்றைக் கேட்பது தாழ்ந்த பக்தி என்ற எண்ணம் கேட்போர் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் கண்ணைக் கேட்கும்படி பணித்தவர் எவர்? எம்பெருமானாரே அன்றோ? வலிக்கிறது, நீக்கியருள வேண்டும் என்று கேட்பதில் இழிவு ஏதும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆழ்வான் கேளாமல் விட்டதை அறிந்து எம்பெருமானார் வருந்தினார் என்றும் சொல்வதுண்டு. சீடரின் உள்ளத்தின் விரிவு பெரியது. சீடருக்குக் கண் வேண்டும் என்று தவித்த ஆசாரியரின் அன்பும் அதற்குக் குறைந்ததன்று.

ஆகவே ஆழ்வானின் வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது, கேட்கலாகாது என்பதன்று. நீண்ட துன்பத்தில் நீண்ட பிரார்த்தனை ஓர் உள்ளத்தை என்ன செய்கிறது என்பதே. துன்பம் மனிதனைச் சுருக்கும் இயல்புடையது. பல்வலி வந்தவனுக்கு உலகமே பல்லாகிவிடுகிறது. ஆண்டுகள் நீளும் துன்பம் ஒருவனை மெல்ல மெல்லத் தன் துன்பமாகவே ஆக்கிவிடக் கூடும். பிறர் மகிழ்ச்சி அவனுக்குக் கசக்கும். பிறர் துன்பம் அவன் கண்ணில் படாது. பன்னிரண்டாண்டு இருளில் ஆழ்வான் சுருங்கவில்லை. கண்ணைப் பறிக்கக் காரணமானவனுக்கும் இடம் தரும் அளவுக்கு விரிந்தார். வெளியில் மாறாதது உள்ளே எத்தனையோ மாறியிருந்தது. பிரார்த்தனை வீணாயிற்று என்று சொல்வோர் இதனையும் கணக்கிட வேண்டும்.

அசோகவனத்தில் சீதாபிராட்டியின் நிலையும் இதுவே. பிராட்டியும் ஒரு கட்டத்தில் உயிரை விடத் துணிந்தாள் என்பதை வான்மீகி மறைக்கவில்லை. மனம் தளர்வது நம்பிக்கையின் முடிவன்று என்பதற்கு அவளே சாட்சி. அத்தளர்ச்சியின் நடுவேதான் திருவடி என்று போற்றப்படும் அனுமனின் குரல் அவள் செவியில் விழுந்தது. விடுதலை வந்த நாளில், தன்னை வருத்திய அரக்கியரைத் தண்டிக்க முனைந்த அவனைத் தடுத்து அவர்களைக் காத்தாள். காத்திருந்த மாதங்கள் அவளிடத்தில் பழிவாங்கும் எண்ணமாக உறையவில்லை, கருணையாகக் கனிந்திருந்தன.

ஒரு வாழ்நாளில் அடங்காத வேண்டுதல்

துன்பம் ஒருவருடைய வாழ்நாளைக் கடந்து நீளுமாயின் என் செய்வது? இதற்கும் திருவரங்கத்தின் வரலாறே விடை தருகிறது. 1323இல் டில்லிப் படையெடுப்பு நேர்ந்தபோது, உற்சவரான அழகிய மணவாளனை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு அடியார்கள் திருவரங்கத்தை விட்டு வெளியேறினர். முன்னின்று அழைத்துச் சென்ற பிள்ளை லோகாசாரியர், மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். ஸ்வாமி வேதாந்த தேசிகன், ச்ருதப்ரகாசிகை என்னும் உரை நூலைக் காத்துக்கொண்டு கருநாட்டின் சத்தியாகாலத்தை அடைந்தார். அங்கே திருவரங்கம் அச்சம் நீங்கி வாழ வேண்டுமென்று அபீதிஸ்தவத்தை அருளினார். எம்பெருமானோ மலைநாடு, திருநாராயணபுரம், திருமலை, செஞ்சி என்று ஊர் ஊராக எழுந்தருளியிருந்தான். காப்பவனே காடும் மலையுமாக அலைந்த காலம் அது. விஜயநகரத் தளபதி கோபணாரியரின் முயற்சியால் 1371இல்தான் அவன் திருவரங்கம் மீண்டான். இடையில் கழிந்தவை 48 ஆண்டுகள்.

புறப்பட்ட நாளில் வேண்டியவர்களில் பலர் மீண்ட நாளைக் காணவில்லை. பிள்ளை லோகாசாரியர் காணவில்லை. அவருடைய வேண்டுதல் வீணாயிற்றா? அவர் சுமந்ததைப் பிறர் சுமந்தனர். அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் வேண்டினர். பிரார்த்தனை ஒருவருடைய தனிச் சொத்தன்று. திருத்தேரின் வடத்தை முதலில் பற்றியவரே நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற நியதி இல்லை. கை ஓய்ந்தவர் விலகுவார், அடுத்தவர் பற்றுவார், தேர் நகரும்.

மீண்டு வந்தபோது ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது என்று கோயிலொழுகு கூறும். இடைக்காலத்தில் வேறொரு திருமேனி அங்கே எழுந்தருளப் பண்ணப்பட்டிருந்தது. இரண்டில் பழைய திருமேனி எது என்று சொல்ல, முன்பு கண்டவர் எவரும் எஞ்சியிருக்கவில்லை. முதியவரான ஓர் ஈரங்கொல்லி, அதாவது பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுக்கும் தொழிலுடையவர், இருப்பதாகத் தெரியவந்தது. அவரும் பார்வை இழந்திருந்தார். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, சாற்றிய ஈரவாடைத் தீர்த்தத்தை அவரிடம் தந்தனர். அதனை உட்கொண்ட அவர், ஒன்றைச் சுட்டி, நம் பெருமாள் இவரே என்றார். நம்பெருமாள் என்னும் திருநாமம் அவர் வாயிலிருந்தே வழங்கலாயிற்று என்பர்.

அம்முதியவர் நூல்கள் இயற்றியவர் அல்லர். மண்டபத்தில் வாதம் செய்து வென்றவரும் அல்லர். இளமையில் துணி வெளுத்தபோது பெற்ற ஒரு மணத்தை, ஒரு சுவையை, வறுமையிலும் முதுமையிலும் இருளிலும் 48 ஆண்டுகள் மறவாமல் வைத்திருந்தார். அவர் செய்த கைங்கரியம் அதுவே. அதற்கு நிகராக அந்நாளில் திருவரங்கத்தில் எவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காத்திருத்தல் வெறும் சும்மாயிருத்தல் என்று எண்ணுவோர் அவரை நினைவிற்கொள்ள வேண்டும். எம்பெருமான் கண்ணுக்குப் புலப்படாத காலத்தில் அவனை மறவாதிருப்பதும் ஒரு தொண்டு. அவன் மீளும்போது அடையாளம் காட்ட அத்தகையோரே வேண்டும்.

இவ்வட்டாரத்திலேயே, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், 1878இல் பிறந்தவர் ராஜாஜி. 1916இல் மனைவியை இழந்து, ஐந்து குழந்தைகளைத் தாமே வளர்த்தவர், சிறை கண்டவர், உயர்ந்த பதவிகளையும் கடுமையான எதிர்ப்புகளையும் ஒருங்கே பெற்றவர். அவர் முதுமையில் இயற்றி, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியதால் வீடுதோறும் பரவிய பாடலின் பெயரே 'குறை ஒன்றும் இல்லை' என்பது. கண்ணெதிரே தோன்றாமல் மறைந்து நிற்கும் இறைவனிடம் மனக்குறை ஏதுமில்லை என்னும் உள்ளம் அதில் பேசுகிறது. இழப்பை அறியாதவர் அவ்வாறு பாடினால் அது வெறும் மகிழ்ச்சிப் பாட்டு. மனைவியை இழந்து தனித்து நின்றவர் முதுமையில் அவ்வாறு பாடும்போது, அதற்குள் ஒரு நெடும் காத்திருப்பு அடங்கியிருக்கிறது.

செய்யத்தக்கதும் தகாததும்

காத்திருத்தலைப் போற்றுவது சோம்பலைப் போற்றுவதாகாது. நோயுற்றவர் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருந்தை விட்டுத் தீர்த்தம் மட்டும் போதும் என்பது சரணாகதி அன்று. ஆலையில் அடிபட்டவர் தமக்குரிய இழப்பீட்டைக் கேட்க வேண்டும். நியாயமான ஊதியத்திற்காக ஒன்றுகூடிப் பேசுவோரிடம், "எல்லாம் அவன் சித்தம், பொறுத்துக்கொள்" என்று சொல்வது பக்தியின் பெயரால் செய்யும் அநீதி. ஸ்ரீராமானுஜர் ஹொய்சளர் நாட்டிற்கு நடந்தே சென்றார். அடியார்கள் நம்பெருமாளைத் தோளில் சுமந்தனர். கோபணாரியர் படை நடத்தினார். செய்யக் கூடியது அனைத்தையும் செய்தபின் எஞ்சும் இருளில்தான் காத்திருத்தல் தொடங்குகிறது. அந்த இருள் எல்லார் வாழ்விலும் சிறிதோ பெரிதோ எஞ்சவே செய்யும்.

அருகிலிருப்போருக்கும் ஒரு கடமை உண்டு. நெடுநாள் துன்புறுவோரில் சிலருக்கு வேண்டக்கூட வலிமை இல்லாமல் போகும். சந்நிதியில் நின்றாலும் வாயில் சொல் வாராது. அவர்களைக் குற்றம் சொல்லாமல், அவர்களுக்காக அருகிலிருப்போர் வேண்ட வேண்டும். பெருமாளுக்கே பல்லாண்டு பாடிய பெரியாழ்வாரின் மரபில் வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டாருக்காக ஒரு நாழிகை வேண்டுவது கடினமாக இருக்கலாகாது. வேண்டுவதோடு, ஒரு வேளைச் சோறும், மருத்துவமனைக்கு உடன் செல்லும் துணையும் தருவார்களாயின், அவ்வேண்டுதலுக்கு எம்பெருமான் அனுப்பிய விடையாக அவர்களே ஆவர்.

வேண்டுவோர்க்கும் ஒரு சொல். பெரிய விரதங்களை மேற்கொண்டு ஒரு மாதத்தில் களைத்துப் போவதைவிட, சிறிய ஒன்றை நாள் தவறாமல் செய்வது நெடும் பயணத்திற்கு ஏற்றது. காலையில் ஒரு துளசி இலை, ஒரு திருநாமம், ஒரு கணம் கண்மூடி நிற்றல் போதும். மனம் கசந்த நாளில் அக்கசப்பையே அவன் திருமுன் வைக்கலாம். ஆழ்வார்கள் எம்பெருமானோடு ஊடியதும் உண்டு, முறையிட்டதும் உண்டு. உறவில்லாதவரிடம் எவரும் ஊடுவதில்லை. முறையிடும் நாவும் அவனை விட்டு விலகாத நாவே.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில், விடியுமுன் பெருமாள் மலைகளில் ஏறும் கூட்டத்தைக் காண்பவர், வந்தவர் அனைவரும் எதையோ பெற்றுச் செல்ல வந்தவர் என்று எண்ணக்கூடும். அவருள் சிலர் சென்ற ஆண்டும் வந்தவர், அதற்கு முந்திய ஆண்டும் வந்தவர், கேட்டதைப் பெறாதவர். எனினும் வருகின்றனர். முழங்கால் வலியுடன் ஒவ்வொரு படியாக ஏறி, திரை விலகும் வரையில் கைகூப்பி நிற்கின்றனர். திரை விலகி, தீபம் சுழலும்போது, கேட்க வந்ததைச் சில வேளைகளில் அவர்கள் மறந்தே விடுகின்றனர். படியிறங்கும்போது அது நினைவிற்கு வருகிறது. 'அடுத்த சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம்' என்று எண்ணிக்கொண்டு வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் ஏமாந்தவர் அல்லர். அவர்கள் தங்கள் பெருமாளின் அடையாளத்தை மறவாது காத்துவரும் கைங்கரியபரர். அவர்களுடைய அடிச்சுவட்டில் படியேறுவோர்க்கு அரங்கன் திருவருள் துணை நிற்பதாக.